நோன்கோவின் வழியில் நற்கருணை பக்தி: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள ஆர்னோவில் என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியராகவும் மறைக்கல்வி கற்பிப்பவராகவும் வாழ்ந்து, 1977 ஜூன் 6 அன்று தம் 89-ஆம் வயதில் காலமானவர் ஒகுஸ்ட் ரொபேர் பெலாஃபிக். ஊரார் அவரை ‘நோன்கோ’, அதாவது ‘மாமா’, என்று உறவுமுறை சொல்லியே அழைத்தனர். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். பொதுநிலையினராகவே பிறந்து, பொதுநிலையினராகவே மறைந்தார். 2020 சனவரியில் லஃபாயெட் மறைமாவட்ட ஆயர் டக்ளஸ் டெஷோடெல் அவருக்கான புனிதர்பட்ட நடவடிக்கைகளைத் தொடங்கிவைத்தார். 2021 நவம்பரில் கூடிய அமெரிக்க ஆயர் பேரவை அந்த முயற்சியைத் தொடர இசைவு தெரிவித்தது. திரு அவையின் வழக்கப்படி இத்தகையோர் இறை ஊழியர் என்று குறிக்கப்படுகிறார்கள்.

அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, அவரைப் போலவே நற்கருணையை, அதாவது திருப்பலியில் அர்ப்பணிக்கப்பட்ட அப்பத்தையும் இரசத்தையும், மையமாகக் கொண்டு வாழத் தொடங்க விரும்புவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. திருமுழுக்குப் பெற்றும் ஞாயிறு திருப்பலியோடு நின்றுவிட்டவர்களும், நீண்ட இடைவெளிக்குப் பின் கோவிலுக்குத் திரும்புபவர்களும், கத்தோலிக்க நம்பிக்கையை அறிந்துகொள்ளும் நிலையில் இருப்பவர்களும் இதைப் பின்பற்றலாம். தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புனிதர்களின் வாழ்க்கையைப் படித்து உள்ளம் கனிந்தவர்கள் பெரும்பாலும் மிகக் கடினமான பயிற்சியிலிருந்து, அதாவது ஒரு மணி நேர ஆராதனையிலிருந்தோ இரவு விழிப்பிலிருந்தோ தொடங்குகிறார்கள். சில வாரங்களில் களைத்துப்போய் விட்டும்விடுகிறார்கள். நோன்கோவின் வாழ்வு காட்டும் வரிசை வேறானது. திருப்பலி அவருடைய நாளின் நடுநாயகமாக இருந்தது. காலைச் செபம் அந்தத் திருப்பலியை நாள் முழுவதும் நீட்டித்தது. பிறகு அவர் தெருவில் இறங்கி நடந்தார். இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுவதே புதியவர்களுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அவரை அறிந்துகொள்ளுதல்

நோன்கோ 1888 சனவரி 10 அன்று பிரான்சில், லூர்து நகருக்கு அருகில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பிரெஞ்சு மொழியும் கத்தோலிக்க மரபும் வேரூன்றியிருந்த தென் லூசியானாவில் தங்கியது. ஆசிரியப் பயிற்சி பெற்று முதலில் அரசுப் பள்ளிகளில் கற்பித்தார். பின்னர் ஆர்னோவிலில் இருந்த லிட்டில் பிளவர் பள்ளியில், அங்குப் பணியாற்றிய ஒரே பொதுநிலை ஆசிரியராகச் சேர்ந்தார். வார இறுதிகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்தார்; கிறிஸ்து பிறப்பு விழாவிலும் பிற திருநாள்களிலும் விவிலிய நிகழ்ச்சிகளையும் புனிதர் வரலாறுகளையும் நாடகங்களாக மேடையேற்றினார். ஒவ்வொரு நாளும் திருப்பலியில் பங்கேற்றார். கையில் செபமாலையைச் சுற்றிக்கொண்டு ஊரின் பெருந்தெருக்களிலும் ஒதுக்குப்புறச் சாலைகளிலும் நடந்து நோயாளிகளையும் ஏழைகளையும் சந்தித்ததும், இயேசுவின் திரு இருதய பக்தியைப் பரப்பும் துண்டறிக்கைகளை மாதந்தோறும் வீடுவீடாகச் சேர்ப்பித்ததும் அவரைப் பற்றி எல்லாரும் நினைவுகூரும் செய்திகள். யாரேனும் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்ள முன்வந்தால் மறுத்துவிடுவார். அந்த நடையை உத்தரிக்கும் ஆன்மாக்களுக்கான, அதாவது இறந்தபின் தூய்மை பெறும் நிலையில் இருப்போருக்கான, தவமுயற்சியாகவே அவர் கருதினார். 1953-இல் திருத்தந்தை 12-ஆம் பியுஸ், திரு அவைக்குச் சிறந்த தொண்டாற்றிய பொதுநிலையினருக்கு அளிக்கப்படும் பதக்கத்தை அவருக்கு வழங்கிச் சிறப்பித்தார். அதற்குப் பின்னும் 24 ஆண்டுகள் அதே பணியைத் தொடர்ந்தார்.

இந்த விவரங்களில் காட்சிகளோ பரவசங்களோ இல்லை என்பதைக் கவனியுங்கள். இருப்பவை எல்லாம் நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யப்பட்ட சிறு செயல்களே. ஆகவேதான் தொடக்கநிலையில் இருப்பவருக்கு இவர் பொருத்தமான துணையாகிறார்.

முதற்படி: பங்குத்தந்தையிடம் பேசுதல்

திருப்பலியில் அர்ப்பணிக்கப்பட்ட அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்து உண்மையாகவே பிரசன்னமாகியிருக்கிறார் என்னும் நம்பிக்கைதான் இந்தப் பக்தியின் அடித்தளம். அது இல்லாமல் பின்வரும் எதற்கும் பொருள் இல்லை. நம்பிக்கையில் தடுமாற்றம் இருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை; தடுமாற்றத்தோடே, கோவிலில் நற்கருணை வைக்கப்பட்டிருக்கும் பேழையின் முன் அமரலாம். ஆனால் நற்கருணை உட்கொள்வதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டும். உரிய தயாரிப்புடன் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, பெற்றிருக்க வேண்டும். கனமான பாவ உணர்வு இருந்தால் முதலில் ஒப்புரவு அருளடையாளத்தை (பாவசங்கீர்த்தனம்) பெற வேண்டும். திருமணம் தொடர்பான சிக்கல்களோ பல்லாண்டு இடைவெளியோ இருப்பவர்கள் தாங்களாகவே முடிவெடுத்துக்கொள்ளாமல் பங்குத்தந்தையைச் சந்திப்பது நல்லது. அந்த உரையாடல் பலர் அஞ்சுவதைவிட எளிதாகவே முடிகிறது. மற்றச் சமயத்தவரும் இன்னும் திருமுழுக்குப் பெறாதவரும் திருப்பலியில் அமர்ந்திருக்கவும் ஆராதனையில் பங்கேற்கவும் எந்தத் தடையும் இல்லை.

காலை ஒப்புக்கொடுத்தல்

நோன்கோ தம் வாழ்வின் பெரும்பகுதியை ‘செபத்தின் அப்போஸ்தலர்’ இயக்கத்துக்கு அளித்தார். பிரான்சில் லெ புய் நகரை அடுத்த வால் என்னும் இடத்தில், 1844 டிசம்பர் 3 அன்று, இயேசு சபைக் குரு பிரான்சுவா சேவியர் கோத்ரலே இதைத் தொடங்கினார். தொலைதூர மறைப்பணித் தளங்களுக்குச் செல்லத் துடித்துக்கொண்டிருந்த இளம் இயேசு சபை மாணவர்களிடம், படிப்பும் வேலையும் சலிப்பும் உட்பட நாள் முழுவதையும் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தால் இருந்த இடத்திலிருந்தே அப்போஸ்தலர்களாகலாம் என்று அவர் சொன்னார். இன்று அவ்வியக்கம் திருத்தந்தையின் உலகளாவிய இறைவேண்டல் வலையமைப்பு என்னும் பெயரில் இயங்குகிறது.

இதன் மையப் பயிற்சி மிக எளியது. கண்விழித்ததும் அந்த நாளின் செபங்கள், வேலைகள், மகிழ்ச்சிகள், துன்பங்கள் அனைத்தையும், உலகெங்கும் அன்று நிறைவேற்றப்படும் திருப்பலிகளோடு இணைத்து, இயேசுவின் திரு இருதயத்தின் வழியாகத் தந்தையாம் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கிறோம். திருத்தந்தை அம்மாதத்துக்கெனக் குறிப்பிடும் செபக் கருத்தையும் சேர்த்துக்கொள்கிறோம். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. செபப் புத்தகத்தில் உள்ள வடிவத்தைப் பயன்படுத்தலாம். சொந்தச் சொற்களிலும் சொல்லலாம். ஆனால் கைபேசியைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதைக் கண்டிப்பான விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘திருப்பலிகளோடு இணைத்து’ என்னும் பகுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. அதுதான் இதை நற்கருணை பக்தியாக்குகிறது. அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு நல்ல காலைத் தீர்மானம் மட்டுமே.

இந்த ஒன்றை மட்டும் ஒரு மாதம் செய்யுங்கள். வேறு எதையும் சேர்க்க அவசரப்பட வேண்டாம்.

திருப்பலி: ஞாயிற்றிலிருந்து வார நாளுக்கு

நோன்கோ இளைஞராக இருந்த காலத்தில் நாள்தோறும் நற்கருணை பெறுவது பரவலான வழக்கமாக இருக்கவில்லை. பக்தியுள்ளவர்கள்கூடத் தங்களைத் தகுதியற்றவர்களாக எண்ணி மாதத்துக்கு ஒருமுறையோ திருநாள்களில் மட்டுமோ அணுகினார்கள். 1905 டிசம்பர் 20 அன்று திருத்தந்தை 10-ஆம் பியுஸின் ஆட்சியில் வெளியான ஆணை, அருள்நிலையில் (கனமான பாவம் இல்லாத நிலையில்) இருந்து நேரிய நோக்கத்தோடு வரும் எவரும் நாள்தோறும் நற்கருணை உட்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியது. 1910-இல் வந்த மற்றோர் ஆணை, ஏறத்தாழ 7 வயதில் பகுத்தறியும் பருவத்தை அடைந்த குழந்தைகளையும் நற்கருணைப் பந்திக்கு அழைத்தது. முதல் ஆணை வெளிவந்தபோது நோன்கோவுக்கு வயது 17. இரண்டாவது வந்தபோது 22. அன்றாட நற்கருணை என்னும் வாசல் திறந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

அந்த வாசலைக் கடக்க அக்காலத்தில் உடலும் உழைக்க வேண்டியிருந்தது. நற்கருணை பெறுபவர் நள்ளிரவு முதல் உணவோ நீரோ அருந்தக் கூடாது என்பது அப்போதைய சட்டம். 1953 சனவரியில்தான் 12-ஆம் பியுஸ், தண்ணீர் நோன்பை முறிக்காது என்று அறிவித்து மாலைத் திருப்பலிகளுக்கும் வழிவகுத்தார். 1957-இல் நோன்பு 3 மணி நேரமாகக் குறைந்தது. 1964-இல் 6-ஆம் பவுல் அதை 1 மணி நேரமாக்கினார். இன்று நம்மிடம் கேட்கப்படுவது அந்த ஒரு மணி நேரம் மட்டுமே; தண்ணீரும் மருந்தும் அதற்கு விலக்கு; நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அவர்களைப் பேணுபவர்களுக்கும் நோன்புக் கட்டாயமே இல்லை.

நடைமுறைக்கு வருவோம். ஞாயிறு திருப்பலியைச் செம்மைப்படுத்துவதே முதல் வேலை. முந்தைய நாள் இரவில் மறுநாளின் நற்செய்தி வாசகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். திருப்பலி தொடங்க 10 நிமிடம் முன்னதாகவே கோவிலை அடைந்து, அந்த வாரம் யாருக்காக அல்லது எதற்காகத் திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறீர்கள் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காணிக்கைப் பொருள்கள் பீடத்துக்கு எடுத்துச் செல்லப்படும்போது அந்தக் கருத்தையும், காலைதோறும் ஒப்புக்கொடுத்த உங்கள் வாரத்தையும் அவற்றோடு வையுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் தருணம் இதுதான்: பாடல் ஒலிக்கிறது, காணிக்கை எடுக்கப்படுகிறது, கவனம் எங்கோ போய்விடுகிறது. காலைச் செபமும் திருப்பலியும் சந்திக்கும் இடம் அந்தச் சில நிமிடங்களே.

நற்கருணையைக் கையில் பெறுபவர்கள் ஒரு கையின்மேல் மற்றொரு கையைத் தாங்கலாக விரித்து, ‘கிறிஸ்துவின் திரு உடல்’ என்பதற்கு ‘ஆமென்’ என்று கேட்கும்படி பதிலளித்து, அவ்விடத்தைவிட்டு நகர்வதற்கு முன்பே உட்கொள்ள வேண்டும். கையில் துகள் ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் முறை. நாவில் பெறுவதும் எங்கும் ஏற்கப்பட்ட வழக்கமே. எதைத் தேர்ந்தாலும் பிறர் செய்வதை அளந்து பார்க்க வேண்டாம். பக்தி முயற்சிகளில் இறங்கும் புதியவர்களை மிக எளிதில் பற்றிக்கொள்ளும் நோய் அது.

இருக்கைக்குத் திரும்பிய பிறகு வருகிற நேரம்தான் இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான பகுதி. குறைந்தது 5 நிமிடம், முடிந்தால் திருப்பலி நிறைவுற்றபின் மேலும் 10 நிமிடம், நன்றி செபத்துக்கு ஒதுக்குங்கள். பலரும் அப்போது என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள், அல்லது வண்டி நிறுத்தத்தில் முந்திக்கொள்ள வெளியேறுகிறார்கள். முதலில் வந்திருப்பவரை வரவேற்று ஒரு வார்த்தை, பிறகு நன்றி, பிறகு ஒப்புக்கொடுத்த கருத்துக்காக வேண்டுதல், கடைசியாக, ‘இன்று யாரிடம் போக வேண்டும்’ என்று ஒரு கேள்வி. அந்தக் கடைசிக் கேள்வியை நோன்கோவின் வாழ்விலிருந்து எடுத்துக்கொண்டேன். அவருடைய நாளில் திருப்பலிக்கும் தெருவுக்கும் இடையே இருந்த தொடர்பை இதைவிடச் சுருக்கமாகப் பயிற்சியாக்க எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு இவ்வாறு நிலைபெற்றபின் வார நாள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கும் வீட்டுக்கும் மிகக் குறைந்த இடையூறு தரும் நாளையும் நேரத்தையும் தேர்ந்து, அதைப் பள்ளியின் பாடவேளையைப் போல மாறாததாக வைத்துக்கொள்வது நல்லது. மனநிலை நன்றாக இருக்கும் நாளுக்காகக் காத்திருந்தால் அந்த நாள் வராது. நாள்தோறும் செல்வது என்பது பல மாதங்களுக்குப் பின் தானாக எழும் விருப்பமாக இருக்கட்டும். கைக்குழந்தை உள்ள தாயும், இரவுப் பணி செய்பவரும், நோயுற்ற பெற்றோரைப் பேணுபவரும் அந்த நிலையை அடையாமலே இருக்கலாம். அவர்களுடைய கடமையே அன்றைய காணிக்கை. ஒரே நாளில் இரண்டு முறை நற்கருணை பெறலாமா என்று கேட்பவர்களுக்கு: பெறலாம், ஆனால் இரண்டாம் முறை முழுத் திருப்பலியில் பங்கேற்கும்போது மட்டும்.

முதல் வெள்ளியும் ஒப்புரவும்

திரு இருதய பக்தியும் நற்கருணை பக்தியும் ஒன்றையொன்று பிரிந்து நிற்பவை அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பரே லெ மொனியால் மடத்தில் புனித மார்கரீத் மரியாவுக்கு அருளப்பட்டவையாகத் திரு அவை போற்றும் வேண்டுகோள்கள், மாதத்தின் முதல் வெள்ளியில் நற்கருணை பெறுதல், வியாழன் இரவில் ஒரு மணி நேரம் இயேசுவோடு விழித்திருத்தல், நற்கருணைத் திருநாளின் எட்டாம் நாளை அடுத்த வெள்ளியில் திரு இருதயத்துக்கு ஒரு விழா ஆகியவை. மூன்றும் நற்கருணையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. நோன்கோ சுமந்து சென்ற துண்டறிக்கைகள் பரப்பியது இந்தப் பக்தியையே.

தொடர்ந்து 9 மாதங்கள் முதல் வெள்ளிகளில் நற்கருணை பெறுவது மரபு. அதை ஒட்டி மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்யும் பழக்கத்தையும் அமைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். ஒரு மாதம் தவறிவிட்டால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. கணக்கை முடிப்பதற்காக இது ஏற்படவில்லை.

பேழையின் முன் அமர்தல்

திருப்பலிக்கு வெளியே நற்கருணை நாதரைச் சந்திக்க இரண்டு வழிகள் உள்ளன. பேழையில் வைக்கப்பட்டுள்ள நற்கருணையைச் சந்திப்பது ஒன்று. கதிர்ப்பாத்திரத்தில் வெளிப்படையாக நிறுவப்பட்ட நற்கருணையை ஆராதிப்பது மற்றொன்று. முதலாவது எளிதானது, கோவில் திறந்திருக்கும் எந்நேரமும் செய்யக்கூடியது, அதிலிருந்தே தொடங்குங்கள்.

கோவிலுக்குள் நுழைந்ததும் பேழை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடுப்பீடத்தின் பின்புறமோ பக்கச் சிற்றாலயத்திலோ இருக்கும். அருகில் எரியும் அணையா விளக்கு அடையாளம் காட்டும். அதை நோக்கி வலது முழங்காலைத் தரையில் படும்படி மடித்து வணங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்களும், தாழ்ந்து வணங்கும் வழக்கத்தை ஆயர் பேரவை ஏற்றுக்கொண்ட நாடுகளில் வாழ்பவர்களும் ஆழ்ந்து குனிந்து வணங்கலாம். கதிர்ப்பாத்திரத்தின் முன் இரு முழங்கால்களையும் மடிக்கும் பழைய வழக்கம் சில கோவில்களில் இன்றும் தொடர்கிறது என்றாலும், 1973-இல் வெளிவந்த சடங்குமுறை நூல் ஒற்றை முழங்காலையே இரண்டுக்கும் பொதுவாக விதித்திருக்கிறது.

முதல் சில வாரங்களுக்கு 15 நிமிடம் போதும். உள்ளே சென்றபின் முதல் இரண்டு மூன்று நிமிடங்களைப் பேசாமல், படிக்காமல், மூச்சு சீராகும்வரை விட்டுவிடுங்கள். பிறகு அன்றைய நற்செய்தியிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதையே மெல்ல மனத்துக்குள் திருப்பிச் சொல்லுங்கள். மனம் அலையும்; அது எல்லாருக்கும் அலைகிறது. அலைந்த பொருளையே செபமாக்கிவிடுவது பயனுள்ள உத்தி: கடன் நினைவுக்கு வந்தால் கடனைப் பற்றியும், பிள்ளையின் தேர்வு நினைவுக்கு வந்தால் பிள்ளையைப் பற்றியும் அவரிடமே பேசுங்கள். தூக்கம் வந்தால் எழுந்து நில்லுங்கள். எதுவும் உணரவில்லை என்று முடிவில் தோன்றினால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சந்திப்பின் மதிப்பை உணர்ச்சியால் அளக்கத் தொடங்கியவர்கள் நீண்ட நாள் நிலைப்பதில்லை.

செபப் புத்தகங்களைக் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்பார்கள். கொண்டுபோகலாம், ஆனால் ஒன்றே ஒன்று. நான்கைந்து புத்தகங்களும் நவநாள் மடக்குத்தாள்களும் கையில் இருந்தால் நேரம் அவற்றைப் படித்து முடிப்பதிலேயே போய்விடும். செபமாலை சொல்வதற்குத் தடையில்லை. நோன்கோவின் கையைவிட்டு அது அகலாதிருந்தது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

15 நிமிடம் எளிதாகக் கடந்துவிடுகிறது என்னும் நிலை வந்ததும் அரை மணி நேரமாக நீட்டுங்கள். அரை மணிக்குக் குறையாமல் நற்கருணையை ஆராதிப்பவர்களுக்கு, வழக்கமான நிபந்தனைகளின்படி, பரிபூரண பலனை, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலையை, திரு அவை வழங்குகிறது. ஒப்புரவு அருளடையாளம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபித்தல், சிறு பாவங்கள் உட்பட எந்தப் பாவத்தின்மீதும் பற்றில்லாத மனம் ஆகியவையே அந்நிபந்தனைகள். இந்தப் பலனை இறந்தோருக்காக ஒப்புக்கொடுக்கவும் முடியும். உத்தரிக்கும் ஆன்மாக்களுக்காகவே நடந்த ஒருவரைப் பின்பற்றுபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

கதிர்ப்பாத்திர ஆராதனை நடைபெறும் கோவில்களில், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்கப் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பார்கள். நிறுவப்பட்ட நற்கருணையைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது என்பதே அதற்குக் காரணம். ஆர்வத்தில் உடனே பெயர் கொடுத்துவிட வேண்டாம். முதலில் வேறொருவரின் நேரத்தில் உடன் அமருங்கள். அடுத்தவர் வராவிட்டால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு இன்னொருவருடன் இணையராகப் பொறுப்பேற்பது நடைமுறைக்கு ஏற்றது.

கோவிலுக்குப் போக முடியாத நாள்கள்

நோய், பயணம், குருக்கள் பற்றாக்குறை எனப் பல காரணங்களால் திருப்பலி கிடைக்காமல் போகலாம். அந்நாளில் ஞான நன்மை உட்கொள்ளும் செபத்தைச் சொல்லுங்கள்: நற்கருணையில் கிறிஸ்துவின் பிரசன்னத்தை நம்புவதாக அறிக்கையிட்டு, அவரைப் பெற ஏங்கும் விருப்பத்தைத் தெரிவித்து, அருளளவிலேனும் தம் உள்ளத்துக்கு வரும்படி வேண்டுவதே அது. அருகில் உள்ள கோவில் எந்தத் திசையில் இருக்கிறதோ அதை நோக்கித் திரும்பிக்கொள்வது பலருக்கு உதவுகிறது. நோயின் காரணமாக நீண்ட நாள் வீட்டிலேயே இருக்க நேர்ந்தால் பங்கு அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். நோயாளிகளுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருவது பங்கின் கடமைகளில் ஒன்று. கேட்பதற்குத் தயங்கி, மாதக்கணக்கில் நற்கருணை இல்லாமல் இருந்துவிடும் முதியவர்கள் பலர்.

தெருவில் இறங்குதல்

இந்தப் பகுதி இல்லாமல் மேலே சொன்ன அனைத்தையும் செய்தாலும் அது நோன்கோவின் வழி ஆகாது. அவர் காலையில் பெற்றதை மற்றவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனார். துண்டறிக்கை என்பது ஒரு காரணம் மட்டுமே. வாசலில் நிற்பதற்கும், நோயுற்றவரை விசாரிப்பதற்கும், தனியாக இருப்பவரோடு சிறிது நேரம் பேசுவதற்கும் அது வாய்ப்பளித்தது.

வாரத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நன்றி செபத்தின் முடிவில் கேட்ட கேள்விக்கு எழுந்த பெயராகவே அது இருக்கட்டும். இயன்றால் நடந்து செல்லுங்கள். வழியில் செபமாலை சொல்லுங்கள். கையில் திருத்தந்தையின் மாதக் கருத்தோ பங்கின் திருப்பலி நேரங்களோ எழுதிய ஒரு தாள் இருந்தால் பேச்சைத் தொடங்க எளிதாக இருக்கும். அறிவுரை கூற வேண்டாம். அவர் சொல்வதைக் கேளுங்கள், கேட்டதை மறுநாள் காலை ஒப்புக்கொடுத்தலில் சேர்த்துக்கொள்ளுங்கள், ‘உங்களுக்காகச் செபித்தேன்’ என்று அடுத்த முறை சொல்லுங்கள். ஆசிரியராக இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: மாணவர்களின் வருகைப் பதிவேட்டில் இரண்டு மூன்று பெயர்களை நாள்தோறும் எடுத்து, அவர்களுக்காகத் திருப்பலியில் வேண்டுங்கள். ஓராண்டில் வகுப்பு முழுவதும் பலமுறை பீடத்துக்கு வந்துவிடும்.

நடை தவமாவதற்கு அது கடினமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வண்டி கிடைத்தும் மறுத்த அந்த மனிதரின் பிடிவாதத்தில் ஒரு சிறு பங்கையாவது எடுத்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் ஒருநாள், ஒரு வசதியை, ஒருவருக்காக விட்டுக்கொடுப்பது. உடல்நலம் இடம் தராதவர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம்.

அவருடைய பரிந்துரையை வேண்டும் முறை

இறை ஊழியர் நிலையில் இருப்பவருக்குப் பொது வணக்கம் செலுத்தத் திரு அவை அனுமதிப்பதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை 8-ஆம் உர்பான் வகுத்த இந்த ஒழுங்கு இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆகவே அவருடைய படத்தைப் பீடத்தில் வைப்பதோ, தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைவதோ, திருப்பலியில் புனிதர் வரிசையில் அவர் பெயரைச் சேர்ப்பதோ, அவருக்கென விழா எடுப்பதோ கூடாது. ஆர்வமிகுதியால் இவற்றைச் செய்பவர்கள் அந்த நடவடிக்கைகளுக்கு ஊறு விளைவிக்கிறார்கள். ஏனெனில் முறையற்ற பொது வணக்கம் செலுத்தப்படவில்லை என்பதும் விசாரணையில் நிறுவப்பட வேண்டியவற்றுள் ஒன்று. தனிப்பட்ட முறையில் அவருடைய பரிந்துரையை வேண்டுவதற்கும், வீட்டில் படம் வைத்திருப்பதற்கும், நண்பர்களோடு சேர்ந்து அவரை நினைத்துச் செபிப்பதற்கும் தடையில்லை. அவருடைய நற்பண்புகள் வீரத்துவமானவை என்று உரோமையில் அறிவிக்கப்பட்டால் ‘வணக்கத்துக்குரியவர்’ ஆவார். பின்னர் பொதுவாக அவருடைய பரிந்துரையால் நிகழ்ந்த ஒரு புதுமை (அற்புதம்) உறுதிசெய்யப்பட்டபின் ‘அருளாளர்’ என்றும், மேலும் ஒரு புதுமைக்குப் பின் ‘புனிதர்’ என்றும் அறிவிக்கப்படுவார்.

நற்கருணையின் முன் அமர்ந்திருக்கும் நேரமே அவருடைய பரிந்துரையை வேண்டப் பொருத்தமானது. வேண்டுதல் தெளிவாக இருக்கட்டும். ஒரே கருத்துக்காகப் பல புனிதர்களையும் ஒரே நேரத்தில் வேண்டினால், பின்னர் கிடைத்த உதவியை ஒருவருடைய பரிந்துரைக்கு உரியதாகக் காட்டுவது கடினமாகிவிடும். மருத்துவம் சார்ந்த வேண்டுதல்களில் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பெற்ற உதவியை லஃபாயெட் மறைமாவட்டத்துக்கு எழுதித் தெரிவிக்கலாம். எப்போது வேண்டத் தொடங்கினீர்கள், யார் யார் உடன் செபித்தார்கள், என்ன நிகழ்ந்தது என்பவற்றை நாள் குறித்து எழுதி, மருத்துவச் சான்றுகள் இருந்தால் அவற்றின் படிகளைப் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது பக்தி ஆகாது.

ஆர்னோவிலுக்குச் செல்ல விரும்புவோருக்கு

தென் லூசியானாவுக்குச் செல்லும் வாய்ப்புள்ளவர்கள், ஆர்னோவிலின் புனித பிரான்சிஸ் ரெஜிஸ் கோவிலில் திருப்பலி காண்பதை மையமாக வைத்துப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். திருப்பலி நேரங்களை முன்கூட்டியே பங்கு அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் மாதம் இயலுமானால் இன்னும் சிறப்பு. பிரெஞ்சு மொழி பேசும் அக்கேடிய மக்கள் 1765-இல் அப்பகுதியில் வந்து குடியேறியதன் 250-ஆம் ஆண்டை ஒட்டி, 2015-இல் ‘ஃபேத் தியூ டு டெஷ்’ என்னும் நற்கருணைப் பவனி அங்கே தொடங்கப்பட்டது. அன்னை மரியாவின் விண்ணேற்பு விழாவான ஆகஸ்ட் 15 அன்று, பாயூ டெஷ் என்னும் நீரோடையில் படகில் நற்கருணை ஏந்திச் செல்லப்படுகிறது. மக்கள் வேறு படகுகளில் பின்தொடர்கிறார்கள். கரையோர ஊர்களில் நிறுத்திச் செபமாலையும் நற்கருணை ஆசீரும் நடைபெறுகின்றன. ஆர்னோவில் அந்த நீரோடையின் கரையில்தான் இருக்கிறது. வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் தொப்பியும் குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள். படகில் இடம் பெற முன்பதிவு தேவைப்படலாம். கிடைக்காதவர்கள் கரையில் ஏதேனும் ஓர் ஊரில் காத்திருந்து, பவனி வந்து நிற்கும்போது ஆசீர் பெறலாம்.